பத்தொன்பதில் எட்டு: தாம்பரம்–குமரி சாலையில் ஒரு குடும்பப் பயணம்

தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 680 கிலோமீட்டர். பெரிதாக எங்கும் நிற்காமல் ஓட்டினால் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். 2026 ஜனவரி 24, சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பி, திங்கள் குடியரசு தினத்தன்று மாலை குமரியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. அந்தத் திட்டத்தை எப்படிப் போட்டோம், எங்கே உடைந்தது, உடைந்ததை எப்படி ஒட்டவைத்தோம் என்று எழுதி வைக்கிறேன். பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் போக நினைப்பவர்களுக்கு உதவலாம்.

காரில் ஆறு பேர். நான், மனைவி (இருவருமே ஓட்டுவோம்), பன்னிரண்டு வயது மகன், ஆறு வயது மகள், என் அம்மா, என் மாமனார். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்கால்களும் தேய்மானம். மாமனாருக்கு 74, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். மகளுக்குக் காரில் வாந்தி வரும். மகனுக்கு ஒன்றும் வராது, பசி மட்டும் வரும். சம்பந்திகள் இருவரும் கல்யாணம், காதுகுத்தில் பார்த்துப் பேசிக்கொண்டதோடு சரி. மூன்று நாள் ஒரே வண்டியில் போனதில்லை. திட்டம் போடும்போது இதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பயணத்தின் முதல் நாளை இதுதான் கெடுத்தது.

எக்செல் ஷீட்டில் போட்ட சாலை

நான் போட்ட முதல் பட்டியலில் பத்தொன்பது நிறுத்தங்கள் இருந்தன. முதல் நாள் வேடந்தாங்கல், மதுராந்தகம், திருவக்கரை, செஞ்சி, ரஞ்சன்குடி, சாத்தனூர், சமயபுரம். இரண்டாம் நாள் திருவரங்கம், மலைக்கோட்டை, விராலிமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல், மதுரை ஆனைமலை, மீனாட்சி அம்மன் கோயில். மூன்றாம் நாள் விருதுநகரில் காமராசர் வீடு, கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு, நெல்லையப்பர்.

ஒவ்வொன்றுக்கும் நேராக ‘45 நிமிடம்’, ‘1 மணி’ என்று போட்டு, இடையில் மேப் காட்டிய ஓட்ட நேரத்தைச் சேர்த்துக் கூட்டினால் எல்லாம் சரியாகவே வந்தது. மனைவி ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுல சாப்பாடு எங்கங்க?" என்றாள். சாப்பாட்டை நான் போடவே இல்லை.

அப்புறம்தான் மற்ற ஓட்டைகள் தெரிந்தன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி மேற்கே 28 கிலோமீட்டர், திருவக்கரை நேர் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே முற்பகலில் பார்க்க முடியாது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது, அதனால் விட மனமில்லை. ஆனால் மலை ஏறாமல் செஞ்சியைப் பார்ப்பது இலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பதுபோல. அம்மாவால் ஏற முடியாது, அதனால் செஞ்சியைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். கல்மரத்துக்காக (கல்லாக மாறிப்போன பழங்கால மரம்) சேர்த்திருந்த திருவக்கரையும் சாத்தனூரும் சாலையைவிட்டு ரொம்ப உள்ளே. சித்தன்னவாசலும் அப்படியே. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் பாறையில் ஏற வேண்டும், நாங்கள் போய்ச் சேரும் நேரத்துக்குப் பாறை சுடும். இவை மோசமான இடங்கள் இல்லை. இந்த ஆறு பேருக்கு, இந்த மூன்று நாளுக்கு ஒத்துவராத இடங்கள், அவ்வளவுதான்.

பட்டியலை அதிகம் வெட்டியது கோயில்களின் நடைதான். நம் பக்கத்தில் பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 வாக்கில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறக்கும். நாளின் நடுவே நான்கு மணி நேரம் கோயில் என்ற ஒன்றே கிடையாது. என் பட்டியலில் விராலிமலை 1 மணிக்கும் ஆனைமலை 3 மணிக்கும் இருந்தன! இந்த நான்கு மணி நேரத்தில் சாப்பாடு, ஓட்டம், தூக்கம், அருங்காட்சியகம், கோட்டை ஆகியவற்றை வைத்துவிட்டு, கோயில்களைக் காலையிலும் மாலையிலும் தள்ளினேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது. வெட்டி முடித்தபோது மிச்சம் எட்டு.

நடந்து போனவர்கள் போட்ட கணக்கு

எட்டைத் தேர்ந்தெடுத்ததில் சாலையின் பழைய கதைக்கும் பங்கு உண்டு. சென்னைவாசிகளுக்கு இது ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோடு. லாரிக்காரர்கள் இன்றும் பழைய நெடுஞ்சாலை எண்களில் நாற்பத்தஞ்சு, ஏழு என்றே சொல்கிறார்கள். புது எண்களின்படி திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அங்கிருந்து மதுரை வரை 38, அதற்குத் தெற்கே 44. மதுரைக்குத் தெற்கே குமரிவரை சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரங்கள் கட்டியவர் என்று சொல்லப்படுபவர் ராணி மங்கம்மாள், பேரனுக்காக 1689 முதல் மதுரையை ஆண்டவர். தென்மாவட்டங்களில் இன்றும் சில சாலைத் துண்டுகளுக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது.

திருச்சி–மதுரை வழி அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்தில் உறையூரைவிட்டுக் கிளம்பும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் எதிரே வரும் மாங்காட்டு மறையவனிடம் மதுரைக்கு வழி கேட்கிறார்கள். கொடும்பை என்ற இடத்தில் வழி சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று தொடங்கி, வலப்பக்கம் போனால் என்னென்ன வரும், இடப்பக்கம் திருமால் மலையில் என்னென்ன பொய்கைகள், நடுவழியில் என்ன ஆபத்து என்று அவன் விவரமாகச் சொல்கிறான். பொய்கைகளில் நீராடினால் இன்ன பலன் என்று அவன் ஆசை காட்டியும், கவுந்தியடிகள் அதெல்லாம் வேண்டாம் என்று மறுத்துவிட, நடுவழியில் போகிறார்கள். பட்டியலை வெட்டுவதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். அதனால் அது பட்டியலில் நின்றது.

தர்மபுரிப் பக்கம் கிடைத்த ஒரு மைல்கல்லையும் இங்கே சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டினது என்பார்கள். ‘அதியமான் பெருவழி’ என்ற பெயரும், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்ற தூரமும் அதில் எழுத்தில் இருக்கின்றன. எழுத்து தெரியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சின்னக் குழிகள். தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம். தூரத்தை அவர்கள் அளந்தது அடுத்து எங்கே இளைப்பாறலாம் என்பதை வைத்து. தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கி ஏற்ற, தோள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். நடக்கிறவரின் கழுத்தும் காலும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவர்கள் வைத்த நிறுத்தங்கள் இவை. என் ஷீட்டில் அம்மாவின் முழங்காலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

முதல் நாள்: நாற்பது நிமிட மீல்ஸ்

காலை 4.30க்குக் கிளம்பினோம். மூன்று நாள் விடுமுறை என்பதால் முந்தின இரவே பெருங்களத்தூர் தொடங்கி நெரிசல் என்று செய்தி. விடியுமுன் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் ஒரே பிடிவாதம், அது பலித்தது. (2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸை அப்போதைய விலையான 3,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். வருடத்துக்கு 200 தடவை கடக்கலாம். குமரி வரை ஏறக்குறைய ஒரு டஜன் சாவடிகள், போக வர இரட்டிப்பு. ஊர் சுற்றுகிற குடும்பத்துக்கு அது லாபம்தான்.)

வேடந்தாங்கலில் ஆறரை மணிக்கு இறங்கியபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டே கரையில் நடந்தேன். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை சண்டை. சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை என்பார்கள், ஜனவரி நல்ல மாதம். கரை சமதளம், நடுவே உட்கார இடமும் உண்டு. அம்மாவும் மாமனாரும் அவரவர் வேகத்தில் வந்தார்கள். 1798இல் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்குக் கவுல் (எழுத்து மூலமான உத்தரவு) வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால் அவர்களுக்குப் பறவை முக்கியம். அடுத்த நிறுத்தமான மதுராந்தகத்திலும் அதே கலெக்டர் வருகிறார். ஏரிக்கரை உடையப்போன மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கண்டு, தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தவர் என்று ஏரிகாத்த ராமர் கோயிலில் கதை சொல்வார்கள். ஒரே ஆளைப் பற்றி அரை மணி நேர இடைவெளியில் இரண்டு கதை கேட்டதில் மகன் உற்சாகமாகிவிட்டான். அடுத்து எந்த ஊருக்குப் போனாலும் "இங்கயும் பிளேஸ் வந்தாராப்பா?" என்பதுதான் கேள்வி.

எட்டரைக்கு டிபன். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

சிக்கல் மதியம் வந்தது. மாமனாருக்கு டாக்டர் சொன்ன முறை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஊசி. வழியில் நெடுஞ்சாலையோரம் பெரிய ஓட்டல் ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். இருபது நிமிடத்தில் போய்விடுவோம் என்று நான் சொன்னதை நம்பி அவர் காரிலேயே போட்டுக்கொண்டார். போய்ச் சேர்ந்தால் வாசலில் நான்கு சுற்றுலா பஸ்கள். இடம் பிடிக்கவே இருபது நிமிடம், இலை வர இன்னொரு இருபது. மாமனார் முதலில் பேச்சைக் குறைத்தார். பிறகு நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. நல்ல வேளை, மனைவி அப்பாவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். டீ ஸ்டாலுக்கு ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து குடிக்கவைத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, லேசா கிறுகிறுன்னு வந்துச்சு" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். தப்பு ஓட்டலுடையது அல்ல, விடுமுறை நாள். ஒரு மணிக்குப் பெரிய ஓட்டலில் உட்காரலாம் என்று நினைத்தது என்னுடைய தப்பு.

அன்று தெரிந்த இன்னொரு விஷயம் அதைவிட வருத்தமானது. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு வந்து இறங்கும்போது அம்மா தடுமாறினார். தலை சுற்றுகிறது என்றார். மனைவி பாட்டிலை எடுத்துப் பார்த்தால், காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தது. அம்மா விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். முன் சீட்டில் சம்பந்தி இருக்கிறார், அவர் எதிரே எப்படிச் சொல்வது? நிறுத்தினாலும் கீழே உட்காரும் டாய்லெட் என்றால் முழங்கால் மடங்காது. இதையெல்லாம் கணக்குப் போட்டு அவராகவே எடுத்த முடிவு அது. என்னிடம் சொல்லவில்லை. மருமகளிடம் கோட்டை நிழலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாராம்.

கோட்டையை நானும் பிள்ளைகளும் மட்டும் சுற்றி வந்தோம். பெரம்பலூருக்கு முன்னால், சாலையிலிருந்தே தெரியும் கோட்டை. அகழி, மேலே மேலே அடுக்கிய மதில்கள். 1751இல் வாலிகொண்டாபுரம் சண்டையில், ஆற்காடு நவாப் பதவிக்காக, பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபும், ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியும் மோதியது இந்தப் பக்கத்தில்தான். கூட்டம் இல்லை, பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறது. மதியத்தில் நிற்க இந்தச் சாலையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று என் மனம் அங்கே இல்லை.

சமயபுரத்தில் நிற்கவில்லை, கார் ஓடியபடியே கோபுரத்தின் திசையில் கும்பிட்டுக்கொண்டோம்.

இரவில் திருத்தியது

திருச்சி லாட்ஜில் பிள்ளைகள் தூங்கியதும் மனைவியும் நானும் ஷீட்டை மறுபடி திறந்தோம். எனக்குத் தெரியாமல் அவள் அன்று முழுக்க நேரம் குறித்திருந்தாள். வண்டி நின்றதிலிருந்து ஆறாவது ஆள் தரையில் கால் வைக்க சராசரியாக நான்கு நிமிடம். திரும்பி ஏறிக் கதவு சாத்த ஒன்பது நிமிடம், ஏனென்றால் ஏறும்போதுதான் ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குச் செருப்பு, ஒருவருக்கு மறுபடி பாத்ரூம் ஞாபகம் வரும். ஒரு நிறுத்தத்துக்குப் பதின்மூன்று நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. பத்தொன்பது இடத்துக்கும் நின்றிருந்தால் ஏறி இறங்கவே நான்கு மணி நேரம் போயிருக்கும்.

மறுநாளிலிருந்து என்ன செய்வது என்று பேசி முடித்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் வண்டி நிற்கும். "எனக்கு இடுப்பு வலிக்குது, இறங்கி நடக்கணும்னு நான் சொல்றேன்" என்று மனைவி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அம்மாவின் பாட்டிலை மகள் கண்காணிப்பாள், கோடு போட்டு. மாமனாருக்குச் சாப்பாடு கண்ணில் பட்ட பிறகே ஊசி. அதனால் மதியச் சாப்பாட்டைக் காலையில் டிபன் சாப்பிடும் கடையிலேயே பொட்டலமாக வாங்கிவிடுவது. வாந்தி வராமல் இருக்க முன் சீட்டு மகளுக்கு, பின்னால் ஜன்னலோரம் அம்மாவுக்கு என்று நான் யோசித்தேன். மனைவி வேறு மாதிரி யோசித்தாள். அம்மா முன்னால், இரண்டாவது வரிசை ஜன்னலோரம் மகள், பக்கத்தில் எலுமிச்சம்பழத்தோடு மாமனார். "தாத்தா கதை சொன்னா அவ வாந்தி எடுக்க மறந்துருவா." இருவரும் சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் இது முதல் நாளே நடந்திருக்கும். நான் தனியாக உட்கார்ந்து போட்டதுதான் அடிப்படைப் பிழை.

அப்புறம் ஒரு சின்னப் பாடம். நான்குவழிச் சாலையில் நடுவே தடுப்பு. தெற்கே போகும்போது வலப்பக்கம் தெரியும் எதுவும் நமக்குக் கிடையாது. யு-டர்ன் தேடிப் போய்த் திரும்பி, மறுபடி யு-டர்ன் அடிக்கக் கால் மணி போய்விடும். அதோடு ஊர்கள் எல்லாம் புறவழிச் சாலையால் ஒதுங்கிக் கிடக்கின்றன. பழைய சாலை ஊருக்குள் போகிறது, நாம் ஊருக்கு வெளியே போகிறோம். சாத்தூரையும் கோவில்பட்டியையும் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பிரிவில் இறங்கி எங்கே திரும்ப ஏறுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரிவைத் தவறவிட்டால் ஊர் முழுக்கப் போய்விடும். ஷீட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் பிரிவின் பெயரையும் எழுதினோம்.

இரண்டாம் நாள்

திருவரங்கம் காலை ஆறு மணிக்கு. மலைக்கோட்டையை அம்மாவே தள்ளிவிட்டார், "கீழேர்ந்தே பாத்துக்கறேன்பா." டிபனையும் மதியத்துக்கான புளியோதரை, தயிர்சாதப் பொட்டலங்களையும் முடித்துக்கொண்டு சாலை ஏறினோம்.

விராலிமலையைத் தாண்டும் முன்பே பாதயாத்திரைக்காரர்கள் எதிர்ப்பட்டார்கள். பிப்ரவரி 1 தைப்பூசம், பழனிக்குப் போகிறவர்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் சின்ன மூட்டை, பாதி பேருக்குக் காலில் செருப்பில்லை. சாலையோரம் சாமியானா போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்ரூமுக்காக ஒன்றரை மணியில் நிற்க வேண்டிய வண்டி முக்கால் மணியிலேயே நின்றது, மாமனார் நிறுத்தச் சொன்னார். கீழே விரித்த பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பாதத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான் ஒரு பையன், என் மகன் வயதுதான் இருக்கும். மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மோர் டம்ளர் கழுவும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் அங்கேயே போனது. ஷீட்டில் இல்லாத நிறுத்தம்.

கொடும்பாளூரில் மூவர் கோயில். பத்தாம் நூற்றாண்டு, இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரிலும் எடுப்பித்தது. இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சமதளம், புல்தரை, மர நிழல், அமைதி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். மனைவி அடித்தளத்தைச் சுற்றி வந்து, "காணாமப் போனது யாரோடது? ராஜாவோடதா இருக்காது" என்றாள். பூசை நடக்கும் கோயில் இல்லை என்பதால் நடை சாத்தும் பயமும் இல்லை. முக்கால் மணி என்று போட்டிருந்தேன், ஒன்றேகால் மணி இருந்தோம். யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை.

அதனால் ஆனைமலைக்கு 11.40க்குத்தான் போய்ச் சேர முடிந்தது. ஒத்தக்கடையில் படுத்த யானைபோலக் கிடக்கும் மலை. அடிவாரத்தில் குடைவரை நரசிங்கம், பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி 770இல் எடுப்பித்தது. முடிக்குமுன் அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. அவசரமாகத் தரிசனம், பத்து நிமிடம். பிறகு மலை நிழலில் பொட்டலங்களைப் பிரித்தோம். மாமனார் தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ள, சாப்பாடு கண்ணுல பட்டுடுச்சு, போட்டுக்கலாமா?" என்று சிரித்தார். போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பொட்டலத்துக்குக் காவல் இருந்தார்.

மதுரையில் பிற்பகல் காந்தி நினைவு அருங்காட்சியகம். அது இருக்கும் தமுக்கம் அரண்மனை மங்கம்மாளோடு தொடர்புடையது, சாலை போட்டவர் வீட்டுக்குப் போனதுபோல ஆயிற்று. மாலையில் மீனாட்சி அம்மனுக்கு அம்மாவும் மனைவியும் மட்டும் போனார்கள். மற்றவர்கள் அறையில் தூங்கினோம்.

மூன்றாம் நாள்

ஏழு மணிக்குக் கிளம்பியதால் விருதுநகரில் காமராசர் வீட்டுக்கு நேரம் பொருந்தவில்லை. சாத்தூரில் பிரிவைச் சரியாகப் பிடித்து இறங்கிக் காராச்சேவு வாங்கினோம், அது வேலை. கோவில்பட்டியில் நடந்தது யோகம்.

கடலைமிட்டாய் வாங்க நிறுத்திய தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து வெல்லப் பாகு வாசனை. எட்டிப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். இரும்புச் சட்டியில் பாகு கொதிக்கிறது. பாகு வைப்பவர் ஒரு துளியை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, அதைக் கிண்ணத்தின் மேலேயே போட்டார். டங் என்றது. "சத்தம் வந்தாத்தான் பதம். வரலேன்னா பல்லுல ஒட்டும்." வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலை அதில் விழ, இரண்டு பேர் மரப்பலகையில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் உருளைக்கட்டையால் பரத்தி, மட்டம் வைத்துக் கோடு கிழித்தார்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் கல்லாகிவிடும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் இது, மண்ணின் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று காரணம் சொல்வார்கள். உடைந்த ஓரத் துண்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். மாமனார் கையை நீட்டினார். மனைவி பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார். நான்கு பாக்கெட் வாங்கி, அவர் கைக்கு எட்டாத டிக்கியில் வைத்தாள்.

எட்டயபுரத்துக்குப் போக நேரம் இல்லாமல் போனது. இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அது ஒன்றுதான். பாரதி பிறந்த ஊர், கோவில்பட்டியிலிருந்து அரை மணி நேரத் தூரம்.

கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று இங்கேதான் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். சாலையோரம் நிற்கும் சிலையை 1970இல் நிலம் வாங்கி நிறுவியவர் சிவாஜி கணேசன். குடியரசு தினம் என்பதால் சட்டையில் கொடி குத்திய பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மகன் வழக்கம்போல, "பிளேஸ்?" என்றான். இல்லை, இங்கே வந்தது தூக்கிலிட உத்தரவிட்ட ஆங்கிலேயத் தளபதி பானர்மேன் என்றேன்.

திருநெல்வேலிக்குள் நுழையும்போது பன்னிரண்டரை. நெல்லையப்பர் நடை சாத்தியாகிவிட்டது, கோவில்பட்டியில் பாகு பதத்துக்குக் காத்திருந்ததன் விலை அது. அம்மா மட்டும் வாசலில் நின்று கும்பிட்டார். அல்வா, சாப்பாடு, ஒரு மணி நேரம் லாட்ஜில் சாய்வு. மூன்று மணிக்குக் கிளம்பி, நாங்குநேரி தாண்டி, காற்றாலைகள் தெரியத் தொடங்கியதும் மகள் எண்ண ஆரம்பித்து நாற்பதில் குழம்பி விட்டாள். நாலரைக்குக் குமரி. படகு நாலு மணியோடு நின்றுவிடும் என்பது தெரிந்ததால் அவசரப்படவில்லை. சூரியன் கடலில் இறங்குவதை ஆறு பேரும் ஒரு சிமெண்ட் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவின் பாட்டிலில் மகள் போட்ட கடைசிக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தது.

மறுநாள் பாறைக்குப் படகு. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் மாமனார் நடுவரை போய் நின்றுகொண்டு, கீழே பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழிக்கு நான் ஒரு முடிவை முன்பே எடுத்திருந்தேன், திட்டத்தில் நான் தனியாகச் செய்த ஒரே நல்ல காரியம் அது. பெரியவர்கள் இருவருக்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியில் கீழ்ப் படுக்கை. அதே ஊர்கள், ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட்டோடு. மச்சான் தாம்பரத்தில் வந்து அழைத்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் பேசத் தயங்கிய இரண்டு பேரைச் செவ்வாய்க்கிழமை மாலை பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, இட்லிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினோம்.

இரவு ஒன்பது மணி வாக்கில் அம்மாவிடமிருந்து போன். "கோவில்பட்டில வண்டி நிக்குதுப்பா. சம்பந்தி கீழ இறங்கியிருக்கார், மிட்டாய் வாங்கறாராம். பிள்ளைகளுக்காம்."